வேதசாட்சி தோமையார் – ஓவியர் காட்டும் வரலாறு

சென்னையில் வாழும் நமக்குப் புனித தோமையாரின் பெயர் புதியதன்று. சாந்தோம் என்று நாம் நாள்தோறும் வழங்கும் ஊர்ப்பெயரே அவருடைய பெயர்தான். சைதாப்பேட்டையில் சின்னமலை, அதற்கு அப்பால் பரங்கிமலை என்று அவர் நினைவைத் தாங்கிய இடங்களைப் பேருந்தில் அமர்ந்தபடியே கடந்து போகிறோம். ஆயினும் அவர் வாழ்வு எத்தகையது, அவர் எவ்வாறு உயிர் துறந்தார், தொலைதூர நாடுகளின் ஓவியர்கள் அவரை ஏன் மீண்டும் மீண்டும் வரைந்தார்கள் என்பவற்றை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் கலைகள் புத்துயிர் பெற்றன. அதனை மறுமலர்ச்சிக் காலம் என்று சரித்திர நூல்கள் கூறும். அக்காலத்து மக்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு இல்லை. கோவில் சுவர்களில் தீட்டிய படங்களே அவர்களுக்கு ஞான நூலாக விளங்கின. எந்தப் படத்தில் நிற்பவர் எந்தப் புனிதர் என்று அவர்கள் அறிந்துகொள்ள ஓவியர்கள் ஒவ்வொருவர்க்கும் ஓர் அடையாளம் தந்தார்கள். பேதுருவுக்குத் திறவுகோல், லாரன்சுக்கு இரும்புக் கட்டில், செபஸ்தியாருக்கு அம்பு. நம் தோமையாருக்கோ கலைஞர்கள் தந்தவை நான்கு. நீட்டிய விரல், தச்சரின் மூலைமட்டம், அன்னை மரியாளின் இடைக்கச்சை, ஈட்டி ஆகிய இந்நான்கையும் பின்பற்றி அவர் வாழ்க்கையைக் காண்போம்.

நீட்டிய விரல்

தோமா என்ற பெயருக்கு அரமேய மொழியில் இரட்டையர் என்று பொருள். கிரேக்க மொழியில் அதனையே திதிமு என்றனர். இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவராகிய இவரைப் பற்றிப் புனித யோவானின் நற்செய்தியே மிகுதியாகக் கூறுகிறது. இலாசர் இறந்த செய்தி வந்தபோது, யூதேயாவுக்குத் திரும்புவது ஆபத்து என்று சீடர்கள் அஞ்சினார்கள். அப்பொழுது, ஆண்டவரோடு சென்று தாமும் மடிவோம் என்று மற்றவர்களைத் தூண்டியவர் தோமையார். இறுதி இராவுணவின்போது ஆண்டவர் தாம் போகும் இடத்தைக் குறித்துப் பேசினார். அவ்விடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று வெள்ளையுள்ளத்தோடு கேட்டவரும் அவரே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது.

உயிர்த்த ஆண்டவர் முதன்முறை சீடர்களுக்குத் தோன்றியபோது தோமையார் அங்கில்லை. ஆணிகளின் தழும்பைக் கண்டு, விலாவில் கையை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்று அவர் உறுதியாகக் கூறிவிட்டார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்தார். கடிந்துகொள்ளாமல் தம் காயங்களையே அவருக்குக் காட்டினார். அந்தக் கணமே தோமையார் அவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிட்டார்.

பிளாரன்ஸ் நகரில் ஓர்சான்மிக்கேலே என்ற கோவிலின் வெளிச்சுவர் மாடத்துக்காக வெரோக்கியோ என்ற சிற்பி இக்காட்சியை வெண்கலத்தில் வடித்தார். 1467-இல் தொடங்கிய வேலை 1483-இல்தான் நிறைவு பெற்று மாடம் ஏறியது. அதனைச் செய்வித்தவர்கள் வணிகர் வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்தார். சான்று காணாமல் தீர்ப்பளிக்கலாகாது என்ற எண்ணத்தால் அவர்கள் தோமையாரைத் தங்கள் முன்மாதிரியாகக் கொண்டார்கள். நாம் ஐயப்பேர்வழி என்று ஏளனமாகச் சொல்லும் அவரை நீதிபதிகள் போற்றினார்கள் என்பது எண்ணத்தக்கது. அச்சிலையில் தோமையாரின் கை காயத்தை நெருங்குகிறது, ஆனால் தொடவில்லை. நற்செய்தியிலும் அவர் தொட்டதாகச் சொல்லப்படவில்லை.

வெரோக்கியோவின் பட்டறையில் தொழில் பயின்றவர் லியனார்டோ தா வின்சி. பிற்காலத்தில் மிலான் நகரத்துத் தொமினிக்கன் மடத்தின் உணவறைச் சுவரில் அவர் தீட்டிய இறுதி இராவுணவுப் படத்தின் பிரதி நம் வீடுகள் பலவற்றில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. அதில் ஆண்டவரின் அருகே ஒரு சீடர் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டுகிறார். அவரே நம் தோமையார். இன்று வீடு சென்றதும் அந்த விரலைத் தேடிப் பாருங்கள்.

மூலைமட்டம்

சீடர்கள் உலகெங்கும் பிரிந்து சென்றபோது தோமையாருக்கு வாய்த்த நாடு எது? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட தோமையார் பணிகள் என்ற நூல் அதனைக் கதைபோல் விவரிக்கிறது. திருச்சபை இந்நூலை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆயினும் ஓவியர்களின் கற்பனைக்கு இதுவே ஊற்றாயிற்று. சீட்டுப் போட்டதில் இந்தியா அவருக்கு விழுந்ததாம். போக மனமின்றி அவர் தயங்கினாராம். அச்சமயம் கொந்தபரன் என்ற இந்திய அரசனுக்காகத் தச்சன் ஒருவனைத் தேடி வந்த ஹப்பான் என்ற வணிகனிடம் ஆண்டவரே அவரை அடிமையாக விற்றுவிட்டார் என்கிறது அந்நூல்.

அரண்மனை கட்டப் பொன்னும் வெள்ளியும் கொடுத்த அரசன், பின்னர் வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தான். செங்கல் ஒன்றையும் காணோம். பணம் அனைத்தும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போயிருந்தது. அரண்மனை விண்ணுலகில் எழும்பியிருக்கிறது என்றார் தோமையார். சினங்கொண்ட அரசன் அவரைச் சிறையிட்டான். அன்றிரவே இறந்துபோன அரசனின் தம்பி விண்ணில் அம்மாளிகையைக் கண்டு, உயிர் பெற்றெழுந்து அண்ணனிடம் கூறினான். இதனால்தான் மூலைமட்டத்தைக் கையில் பிடித்த புனிதராகத் தோமையாரை ஓவியர்கள் வரைகிறார்கள். கட்டடக் கலைஞர்களும் தச்சர்களும் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர்.

கொந்தபரன் என்றொரு மன்னன் இருந்தானா என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஐயுற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அவன் முதல் நூற்றாண்டில் ஆண்டவன் என்பது தெளிவாயிற்று. கதை முழுவதும் இதனால் மெய்யாகிவிடாது. ஆனால் கதைக்குள் ஒரு மெய்யான அரசன் இருக்கிறான் என்பது உறுதி. சான்று கேட்ட சீடரின் வரலாற்றுக்கு மண்ணே ஒரு சான்று தந்தது போலும்!

தென்னாட்டு மரபோ அவர் கி.பி. 52-ஆம் ஆண்டு சேர நாட்டுக் கொடுங்கல்லூரில் கரையிறங்கினார் என்றும், மேற்குக் கரையில் ஏழு திருச்சபைகளை நிறுவினார் என்றும், பின்னர் சோழமண்டலக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் போதித்தார் என்றும் கூறுகிறது. கேரளத்துக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் மரபு இது.

இடைக்கச்சை

மயிலாப்பூரின் புகழ் இத்தாலிக்கு எட்டியது எப்படி? 1291-ஆம் ஆண்டளவில் மோந்தே கொர்வீனோ ஊர் யோவான் என்ற பிரான்சிஸ்கன் துறவி சீனா செல்லும் வழியில் இங்கு வந்து, பதின்மூன்று மாதங்கள் தோமையாரின் கோவிலை ஒட்டித் தங்கினார். அவருடன் வந்த தொமினிக்கன் துறவி பிஸ்தோயா ஊர் நிக்கோலாஸ் இங்கேயே இறந்து, அக்கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். அதனையடுத்து வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் இக்கரையைப் பற்றி எழுதினார். கல்லறையின் செம்மண்ணை யாத்திரிகர் எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பதை அவர் குறித்திருக்கிறார்.

நிக்கோலாஸ் பிறந்த பிஸ்தோயாவுக்கும் பிளாரன்சுக்கும் இடையில் பிராத்தோ என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தில் இன்றளவும் போற்றப்படும் திருப்பண்டம் தேவ அன்னையின் இடைக்கச்சை. அன்னை விண்ணேற்பு அடைந்தபோது மற்றச் சீடர்கள் அருகில் இருந்தார்களாம். இந்தியாவில் இருந்த தோமையார் மட்டும் பிந்தி வந்தாராம். மறுபடியும் அவர் நம்பத் தயங்கினார். அன்னையோ தம் இடைக்கச்சையை அவிழ்த்து அவர் கையில் விழும்படி அருளினார் என்பது பழங்கதை. ஆண்டவர் காயத்தைக் காட்டினார். அன்னை கச்சையைக் கொடுத்தார். ஐயுற்றவரை இருவருமே அன்போடு நடத்தினார்கள்.

1392 முதல் 1395 வரை அஞ்ஞோலோ கத்தி என்ற ஓவியர் பிராத்தோவில் இக்கதையைச் சுவரில் தீட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின் பெனோத்சோ கொத்சோலி வரைந்த படம் இப்போது வத்திக்கான் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மேகத்தின் மேல் அன்னையும் கீழே மண்டியிட்ட தோமையாரும் அதில் காட்சி தருகிறார்கள். நம் மயிலாப்பூரில் வாழ்ந்தவர் என்று நாம் போற்றும் திருத்தூதரை அவ்வூர்த் தாய்மார்கள் அன்னைக்கு மிக நெருங்கியவராக அறிந்திருந்தார்கள்.

ஈட்டி

இனி அவருடைய இறுதிக் காலத்தைக் காண்போம். சின்னமலைக் குகையில் அவர் செபத்தில் தரித்திருந்தார் என்றும், பரங்கிமலையில் கி.பி. 72-ஆம் ஆண்டு ஈட்டியால் குத்துண்டு உயிர் துறந்தார் என்றும் நம் ஊர் மரபு சொல்கிறது. ஆனால் அவரைக் கொன்றது யார்? இங்கே ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பழைய சிரியாக் நூல், மஸ்தாய் என்ற அரசனின் ஆணைப்படி நான்கு போர்வீரர்கள் அவரை மலைமேல் ஈட்டியால் குத்தினார்கள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியில் யாக்கோபு தே வொராஜினே தொகுத்த புனிதர் சரித்திரம், பூசாரி ஒருவன் வாளால் குத்தினான் என்கிறது. மார்க்கோ போலோ கேட்டு எழுதியதோ வேறு. காட்டில் மயில்கள் சூழத் தோமையார் செபித்திருந்தபோது, மயிலுக்கு எய்த வேடனின் அம்பு தவறி அவர்மேல் பாய்ந்ததாம். மயில்களின் ஊராகிய மயிலாப்பூருக்கு இது மிகப் பொருந்திய கதை!

இவ்வேறுபாட்டை நாம் அலட்சியம் செய்தல் தகாது. நம் பள்ளியில் ஒரே பெஞ்சில் கிறிஸ்தவப் பெண்ணும் இந்துப் பெண்ணும் இஸ்லாமியப் பெண்ணும் தோளோடு தோள் அமர்ந்து படிக்கிறோம். கபாலீசுவரர் கோவில் தேரும் சாந்தோம் தேரும் ஒரே ஊரின் தெருக்களில் செல்கின்றன. ஒரு புனிதரின் மரணக் கதை பக்கத்தில் இருப்பவளின் முன்னோர்மேல் பழி சுமத்தப் பயன்படுமானால், அது அப்புனிதருக்கே இழுக்கு. கொலையாளி இன்னார் என்று உறுதியாகச் சொல்லச் சரித்திரம் இடந்தரவில்லை. சான்றில்லாமல் நம்ப மறுத்த சீடரின் பெயரால் சான்றில்லாப் பழியை நாம் நம்பலாமா?

வேதசாட்சியரின் மரணத்தை மறுமலர்ச்சிக்கால ஓவியர்கள் வரைந்த முறையிலும் இப்பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகர ஓவியர் ஸ்டெபான் லொக்னர் 1435-ஆம் ஆண்டையொட்டிப் பன்னிரண்டு சிறு பலகைகளில் திருத்தூதர்களின் மரணங்களைத் தீட்டினார். அவை இப்போது பிராங்க்பர்ட் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்க்க அஞ்சத்தக்க கொடுமைகள்தாம். ஆனால் கொலை செய்வோரைக் கவனித்தால், அவர்கள் யாரும் தூரதேசத்து அரக்கர் அல்லர். ஓவியர் காலத்து ஐரோப்பிய உடை தரித்த மனிதர்கள். கோவிலில் மண்டியிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்தவன் கொலையாளியின் உடையில் தன் ஊரானையே கண்டான். தீமை தன் தெருவிலும் பிறக்கும் என்று உணர்ந்தான்.

இவ்வகை ஓவியங்களுக்குச் சிகரமாக விளங்குபவர் பிரா ஆஞ்செலிக்கோ. பிஸ்தோயா நிக்கோலாசைப் போலவே அவரும் தொமினிக்கன் துறவி. பிளாரன்ஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயப் பீடத்துக்காக அவர் வரைந்த சிறு படங்களுள், மருத்துவர்களாகிய புனித கோஸ்மாசும் தமியானும் சகோதரர்களோடு தலை வெட்டப்படும் காட்சியும் ஒன்று. அப்படம் இப்போது பாரீசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வானம் தெளிந்திருக்கிறது; நெடிய சைப்ரஸ் மரங்கள் அசையாமல் நிற்கின்றன; புல்தரையில் விழுந்த தலைகளைச் சுற்றிப் பொன்வட்டம் மங்காமல் ஒளிர்கிறது. வாள் உயிரைப் பறித்தது, புனிதத்தைப் பறிக்கவில்லை என்று சொல்லாமல் சொல்கிறது அந்தப் பொன்வட்டம். 1447 முதல் 1449 வரை வத்திக்கானில் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாசின் சிற்றாலயத்தில் அவர் ஸ்தேவான், லாரன்ஸ் ஆகிய இருவரின் வரலாற்றையும் தீட்டினார். லாரன்ஸ் ஏழைகளுக்குப் பொருளை வழங்கும் காட்சியை அதில் அவர் மிக்க அன்போடு வரைந்திருக்கிறார். தோமையாரின் அரண்மனைக் கதையை அறிந்த நமக்கு அக்காட்சி புதிதாகத் தோன்றாது. 1982-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் பிரா ஆஞ்செலிக்கோவை முத்திப்பேறு பெற்றவராக ஏற்று, 1984-இல் கலைஞர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

பதுவா நகரில் மாந்தேஞ்ஞா என்ற இளம் ஓவியர், கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்படும் யாக்கோபு வழியில் நின்று, மண்டியிட்ட ஒரு மனிதனுக்கு ஆசி வழங்குவதை வரைந்தார். தம் சாவுக்கு நடந்து போகும்போதும் பிறர் துன்பத்துக்காக நின்றவரை அதில் கண்டார்கள் மக்கள். 1944-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் போர் விமானங்களின் குண்டுவீச்சில் அச்சுவரோவியம் சிதறிப்போயிற்று. புகைப்படங்களாலும் சில துண்டுகளாலுமே இன்று அதனை அறிகிறோம்.

குழந்தைகள் பார்க்க இத்தகைய இரத்தம் தோய்ந்த படங்கள் ஏற்றவையா என்று பெற்றோர் சிலர் கவலைப்படுவதுண்டு. அக்கவலை நியாயமானதே. கொடுமையை வேடிக்கையாகக் காட்டும் படம் எவர்க்கும் ஆகாது. ஆனால் மேற்சொன்ன ஓவியர்கள் நம் கண்ணை ஆயுதத்திலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து கைகளுக்கும் அழைத்துச் செல்கிறார்கள். அக்கைகள் செபிக்கின்றன, கொடுக்கின்றன, ஆசி வழங்குகின்றன. தாயோ ஆசிரியையோ பக்கத்தில் இருந்து இதனை எடுத்துச் சொன்னால் சிறுமிகள் அஞ்சமாட்டார்கள்.

கல்லறை மண்

தோமையாரின் உடல் அடக்கம் செய்யப்பட்ட பின்னும் கதை முடியவில்லை. அவருடைய எலும்புகளுள் பெரும்பகுதி சிரியா நாட்டு எதேசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. நான்காம் நூற்றாண்டிலேயே புனித எப்ரேம் அதனைப் பாடினார். பின்னர் கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் அவை சென்றன. மயிலாப்பூர்க் கல்லறையைப் போர்த்துகீசியர் 1523-இல் திறந்தபோது எலும்புகளும் ஈட்டி முனையும் மண் நிறைந்த கலயமும் கண்டதாக எழுதிவைத்தனர். 1545-இல் புனித சவேரியார் இங்கு வந்து சுமார் நான்கு மாதம் தங்கிச் செபித்தார். 1547-இல் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. 1726-இல் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் அம்மலைக்குப் படிகள் கட்டுவித்தார். நாம் இன்று காணும் சாந்தோம் ஆலயம் 1896-இல் எழுந்தது. 1956-இல் பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. 1986 பிப்ரவரியில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அங்கு வந்து செபித்தார்.

பழைய சிரியாக் நூலின் கடைசிப் பகுதி நம் உள்ளத்தில் பதியத்தக்கது. தோமையாரைக் கொல்ல ஆணையிட்ட மஸ்தாய் அரசனின் மகன் நோயுற்றான். புனிதரின் எலும்பு ஒன்றைக் கொண்டு அவனைக் குணமாக்கலாம் என்று அரசன் கல்லறையைத் திறந்தான். எலும்புகள் அங்கில்லை. அங்கிருந்த மண்ணை எடுத்து மகனுக்கு இட, மகன் நலமடைந்தான். அரசனும் விசுவாசிகளோடு சேர்ந்தான். கொன்றவன் பிள்ளைக்கே தம் கல்லறை மண்ணை மருந்தாகத் தந்தவர் தோமையார் என்று அக்காலக் கிறிஸ்தவர் எண்ணி மகிழ்ந்தனர்.

மார்த்திர் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்பதே பொருள். நம் முன்னோர் அதனைத் தமிழில் வேதசாட்சி என்று அழகாக மொழிபெயர்த்தார்கள். சாட்சி சொல்பவர் முதலில் தாம் கண்டு தெளிய வேண்டும். பிறகு தெளிந்ததற்காக நிற்க வேண்டும். தோமையார் இரண்டையும் செய்தார். விரல் நீட்டிக் கேட்டார்; மூலைமட்டம் எடுத்து ஏழைகளுக்காக உழைத்தார்; அன்னையின் கச்சையை நன்றியோடு பெற்றார்; ஈட்டிக்கு அஞ்சாமல் நின்றார்.

மாணவியராகிய நாம் வகுப்பில் புரியாததைக் கூசாமல் கேட்போம். கேள்விச் செய்தியை நம்பித் தோழியின்மேல் பழி கூறாதிருப்போம். ஆண்டுதோறும் ஜூலை 3-ஆம் நாள் அவர் திருநாள் வருகிறது. அந்நாளில் சாந்தோம் கல்லறைக்கோ பரங்கிமலைக்கோ செல்லும்போது, நமக்காக மட்டுமன்றி நம்மோடு மனவருத்தம் கொண்டவர்க்காகவும் ஒரு செபம் சொல்லி வருவோமாக. தம்மைக் கொன்றவன் வீட்டையும் வாழவைத்த திருத்தூதர் நம் ஊரையும் பள்ளியையும் காப்பாராக!